மச்சான் சிரிக்கும் மறைப்பு

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மச்சான் சொல்வார். அவர் சொன்னால் கூட ரெண்டு சேர்த்துச் சொல்வார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டேன். தாங்குமா என்று பார்க்க நானே அதில் உட்கார்ந்தேன். தாங்கவில்லை. கால்கள் நான்கும் ஆளுக்கொரு பக்கம் விரிந்துகொள்ள, நான் ஓட்டை வழியாகப் பாதி இறங்கி, மீதி இறங்க வழியில்லாமல், முழங்கால் இரண்டும் தாடையை இடிக்க, எங்கள் வீட்டுக் கொல்லையில் பட்டப்பகலில் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி முன்னால் நின்று கையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் நின்று தூக்க வேண்டியவர் மச்சான். என் மனைவியின் அண்ணன். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இப்போது ஆலங்குடிப் பக்கம் சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். அவர் தூக்கவில்லை. போனை எடுத்தார்.

"இருங்க மாப்ள, அசையாதீங்க."

"மச்சான், தூக்குங்க!"

"தூக்குறேன், தூக்குறேன். மொகத்தை மட்டும் இங்கிட்டுத் திருப்புங்க. வெயில் அடிக்குதுல்ல."

அன்று சாயங்காலமே அந்தப் படம் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. "எங்க மாப்பிள்ளை சிம்மாசனம் ஏறிட்டார்" என்று கீழே எழுதியிருந்தார். கத்தாரில் இருக்கும் சித்தப்பா மகன்கூடச் சிரிக்கும் பொம்மை போட்டான். நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வட்டம், விட்டம், பரப்பளவு எல்லாம் பத்தாம் வகுப்புக்கு நான்தான் நடத்துகிறேன். அந்த ஓட்டைக்கு எப்படி அளவெடுத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். குழம்புச் சட்டி மூடியைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டேன். அந்த மூடியை மறுநாளே மனைவி கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டுவிட்டாள்.

இது எனக்குப் புதிய வியாதி இல்லை. போனில் யாராவது ஒரு பழைய டப்பாவை வெட்டி எதையாவது செய்து காட்டினால் எனக்குக் கை அரிக்கும். பெயிண்ட் டின்னில் விறகடுப்பு செய்தேன். உள்ளே ஒட்டியிருந்த பெயிண்ட்டை எரித்துப் போக்காமல் சோறு பொங்கியதில், அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் இரும்புக் கேட்டை நக்கியது போல இருந்தது. கட்டில் நாடாவைப் பின்னித் தொங்கு படுக்கை செய்தேன். வேப்பமரத்தில் கட்டி ஏறினேன். எந்தப் பக்கம் ஏறினேனோ அதற்கு மறுபக்கம் வந்து விழுந்தேன். லாரி டயரில் செய்த இருக்கையைத் தெருநாய் எடுத்துக்கொண்டது. நான் செய்ததில் ஒழுங்காக இருந்தது ஒன்றுதான்: போனின் டார்ச்சை மேல்பார்க்க வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைந்த பாட்டிலை நிறுத்தினால் அறை முழுவதும் வெளிச்சம் பரவும். கரண்ட் போன நேரத்தில் அதைச் செய்து காட்டிவிட்டு, எல்லாரும் பாராட்டுவார்கள் என்று நின்றேன். "நல்லாத்தான் இருக்கு. இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.

சரி, ஓட்டை போட்ட நாற்காலிக்கு வருகிறேன். அது சும்மா வந்த அரிப்பு இல்லை.

எங்கள் ஊர் ஆவூர். ஆவணி பிறந்தால் எங்கள் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். காவி உடுத்தி, ஜெபமாலை சொல்லிக்கொண்டு, கீரனூர், கந்தர்வகோட்டை, தஞ்சாவூர் என்று போகிற வழியில் மரத்தடியில் தங்கி, கல் கூட்டிச் சமைத்து, பாய் விரித்துப் படுத்து எழுந்து நடப்பது. பட்டணத்துக்காரர்கள் இதற்கே கேம்பிங் என்று பேர் வைத்துப் பணம் கட்டிப் போகிறார்கள். நாங்கள் வேண்டுதல் என்று பேர் வைத்துப் போகிறோம். கூடவே ஒரு வேன் வரும். அதன் முன்பக்கம் சப்பரம் கட்டி மாதா சொரூபம். பின்பக்கம் அரிசியும் அண்டாவும் பாயும். நடக்க முடியாமல் போனவர்களுக்கும் அதில்தான் இடம்.

போன வருஷம் என் மனைவி அந்த வேனில் ஏறினாள். ஏறினாள் என்று சொல்லக்கூடாது. கந்தர்வகோட்டை தாண்டுவதற்குள் ரோட்டில் மயங்கி விழுந்தவளைத் தூக்கி ஏற்றினார்கள். வெயில்தான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். புதுக்கோட்டையில் டாக்டரம்மா கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. அவள் தண்ணீரே குடிக்கவில்லை. ஆவூரிலிருந்து புறப்பட்டதிலிருந்து வாயை நனைத்ததோடு சரி. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். அவளுக்கு மூட்டு தேய்ந்து போயிருக்கிறது. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. முந்திரிக் காட்டுக்குள் யாரையாவது கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்ல வேண்டும். அதற்குத் தாகத்தோடு நடப்பதே மேல் என்று முடிவு செய்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான்: "நடக்குறது தப்பில்லம்மா. தண்ணி குடிக்காம நடக்குறதுதான் தப்பு. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சீங்கன்னா கிட்னி போயிரும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மனைவி சொன்னாள், "அடுத்த வருஷமும் நடப்பேன். பாதியில விட்டதை முடிக்காம எனக்குத் தூக்கம் வராது."

"வேன்ல போனா மாதா வேண்டாம்னா சொல்லும்?" என்று நான் கேட்டது தப்பு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பஸ்ஸே கொஞ்சம் பின்னால் போனது.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மச்சான் தன் வேனின் முன்சீட்டில் தலையணை வைத்துத் தருவதாகச் சொன்னார். கோயிலில் சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் நடைப்பயணத்துக்கும் தலைவர். அவர், "மனசுல நடந்தாப் போதும்மா" என்றார். அவள் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நடப்பேன்."

நான் புத்தி சொல்லவில்லை. எனக்கு அது கிடையாது. நான் கத்தியைச் சூடு பண்ணி நாற்காலியில் ஓட்டை போட்டேன். மீதிக் கதைதான் வாட்ஸப்பில் இருக்கிறதே.

அத்தனை பேரும் சிரித்து முடித்த பிறகு, இனி இதைச் செய்யாமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு ஏறியது. செய்ய முடியாது என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சாப்பாடே ஒழுங்காக இறங்கும். பிளாஸ்டிக் வேண்டாம். எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் தைலமரக் காடு. அங்கே மரம் வெட்டி லாரி ஏற்றுகிறவர்களிடம் கேட்டு, மணிக்கட்டுப் பருமனில் காய்ந்த கம்புகள் வாங்கி வந்தேன். பக்கத்துக்கு ரெண்டு கம்பைக் குறுக்காக வைத்து, நடுவில் துளையிட்டு, போல்ட் போட்டு முறுக்கினேன். விரித்தால் பெருக்கல் குறி. மடக்கினால் கம்புக் கட்டு. ரெண்டு பெருக்கல் குறியையும் மேலேயும் கீழேயும் குறுக்குக் கட்டைகளால் சேர்த்தேன். மேல் கட்டைகள்மேல், ஹார்டுவேர் கடையில் விற்கிற வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டைப் பொருத்தினேன். இனிமேல் சட்டி மூடி அளவு கிடையாது. கால்கள் ஒரு அளவுக்கு மேல் விரியாதபடி கீழே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அந்தக் கயிறுதான் முக்கியம். அது இல்லாமல் போனதால்தான் நான் சிம்மாசனம் ஏறினேன்.

மூட்டு தேய்ந்தவளுக்கு உட்கார்வதைவிட எழுந்திருப்பதுதான் பாடு. அதனால் ரெண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். அதையும் தைலமரத்திலேயே, அவள் நின்று, கை வைத்துக் காட்டிய உயரத்தில் வைத்தேன். மற்றது சுலபம். கீழே சின்னக் குழி. பக்கத்தில் ஒரு டப்பா அடுப்புச் சாம்பல். போகும்போது சாம்பலைத் தூவி, மண்ணைப் போட்டு மூடிவிட்டால் முடிந்தது.

இந்தத் தடவை சோதனைக்கு நான் உட்காரவில்லை. மச்சானை உட்கார வைத்தேன். அவர் என்னைவிட ஒரு மூட்டை கூட. போனை என் கையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் உட்கார்ந்தார், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார், தங்கச்சியிடம் காப்பி கேட்டு வாங்கி, அதிலேயே உட்கார்ந்து குடித்து முடித்தார். ஒரு கிறீச் சத்தம்கூட வரவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

"பரவால்ல மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அடுத்த நொடியே, "ஆனா இதை நடுக்காட்டுல வெட்ட வெளியிலயா போடப் போறீங்க?" என்றார்.

மறைப்பு வேண்டும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பிவிசி குழாயில் சட்டம் கட்டினேன். எல்போவில் சொருகினால் நிற்கும், உருவினால் கட்டாகிவிடும். சுற்றிக் கட்டத் துணி? விறகின்மேல் மூடியிருந்த பிளெக்ஸ் கண்ணில் பட்டது. மச்சான் போன ஆடியில் வைத்த மொய் விருந்தின் பிளெக்ஸ் அது. ஆடி ஆவணியில் எங்கள் மாவட்டத்துக் கிழக்குப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: ஒருவர் கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார், வருகிறவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள், பிறகு அவரவர் முறை வரும்போது அது திரும்பிப் போகும். ரோட்டோரம் பிளெக்ஸ் கட்டியிருந்தால் கறிக்குழம்பு கொதிக்கிறது என்று அர்த்தம். இந்த பிளெக்ஸில் மச்சான் கூலிங் கிளாஸ் போட்டு, கை கூப்பி, பல் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிக்கிறார். கீழே "அனைவரும் வருக". பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி.

முதலில் படம் உள்பக்கம் வரும்படி கட்டினேன். மனைவி உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"அங்கிட்டு அண்ணன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிது. எப்படிங்க உக்கார்றது?"

படத்தை வெளிப்பக்கம் திருப்பினேன். ஊருக்கே மச்சான் சிரிக்கக்கூடாதே என்று அவர்மேல் ரெண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் வெள்ளை வெளேர் என்று கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. பிளெக்ஸில் சுண்ணாம்பு நிற்குமா என்று மனைவி கேட்டாள். நிற்கும் என்று அடித்துச் சொன்னேன், அடித்தவன் நான்தானே.

"தாழ்ப்பாள் எங்க?" என்று கேட்டாள் அடுத்து.

"கதவுத் துணிக்கு ரெண்டு துணி கிளிப் போட்டிருக்கேன். அப்புறம் நான் வாசல்ல நிப்பேன்ல? நான்தான் தாழ்ப்பாள்."

"நீங்க ஒரு எடத்துல நிக்கிற ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

புறப்படுகிற அன்று காலை கோயில் வாசலில் சாமான் ஏற்றும்போதுதான் தகராறு வந்தது. கம்புக் கட்டையும் குழாய்க் கட்டையும் வேனில் வைக்கப் போனேன். சீட்டைப் பார்த்ததும் உபதேசியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார், இது என்ன சார்?"

"இவளுக்கு மூட்டு வலிங்க. வழியில உக்கார."

"சார், மாதா சொரூபம் இருக்குற வண்டி. இதுல போயி கக்கூஸை ஏத்துறேங்கிறீங்களே? பிள்ளைகளுக்கு வாத்தியார் நீங்க. நல்லா இருக்கா சார்?"

நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முன்சீட்டில் தலையணை வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஜோக்கர் எங்கேயோ போய்விட்டான்.

"ஐயா, வேளாங்கண்ணி வரைக்கும் ரோட்டோரத்துல நம்ம ஆம்பளைக எந்த மரத்தையாவது விட்டு வச்சிருக்கமா? அதுக்கெல்லாம் மாதா கண்ணை மூடிக்கிச்சா? ஒரு பொம்பளை மறைவா உக்கார்றதுதான் மாதாவுக்கு ஆகாதாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் நல்ல மனிதர்தான்; ஆனால் அத்தனை பேர் முன்னால் இறங்கி வர அவருக்கும் முடியவில்லை. "வண்டியில மட்டும் வேணாம் சார்" என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று எங்கள் கம்புக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியில் வேண்டாமென்றால் என்னிடம் வேறு வண்டி இல்லையா? வீட்டுக்கு ஓடிப் போய், பிளாஸ்டிக் குடம் வைத்துத் தண்ணீர் தள்ளி வருகிற ரெண்டு சக்கரத் தள்ளுவண்டியை எடுத்து வந்தேன். அதில் எல்லாவற்றையும் கட்டினேன். அதன் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வருஷக்கணக்காகிறது. நான் தள்ள, அது கத்த, ஜெபமாலைக்கு நடுநடுவே அதுவும் பதில் சொல்லிக்கொண்டு வந்தது.

வழியில் ஒரு டீக்கடையில், "என்னா சார், குச்சி ஐஸா?" என்று கேட்டார்கள்.

"ஆமா. எல்லாம் கரைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கை கொப்புளித்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கீரனூருக்கு முன்னால் என் மனைவி இடுப்புப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, கடகடவென்று தண்ணீர் குடித்தாள். பாதி பாட்டில். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அவள் சாப்பிட்டதையும் குடித்ததையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒருத்தர் தண்ணீர் குடிக்கிற சத்தத்தை நின்று கேட்டேன்.

முதல் தங்கலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழாய் சொருகி, வெள்ளை மறைப்பைக் கட்டி, குழி தோண்டிக் கொடுத்தேன். உள்ளே போனாள், வந்தாள். கைப்பிடியைப் பற்றித் தானே எழுந்து வந்தாள். வாசலில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றேன். மற்ற பெண்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. ஆண்கள் என்னைப் பார்த்து, "வாட்ச்மேன் வேலையும் பாக்குறீங்களா சார்?" என்றார்கள். ஆமாம், பார்க்கிறேன். என்ன இப்போ?

மறுநாள் கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பில் தங்கினோம். போன வருஷம் அவள் விழுந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மச்சான் வேனைத் தோப்பின் ஓரமாக நிறுத்திவிட்டு, முன்சீட்டுத் தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். தங்கச்சி இந்த இடத்தைத் தாண்ட மாட்டாள் என்பது அவர் கணக்கு. கெட்ட எண்ணம் இல்லை. போன வருஷம் அவளைத் தூக்கி ஏற்றியவர் அவர்தான். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

தோப்பில் தரை எங்கே மட்டமாக இருக்கிறது என்று தேடியதில் மறைப்பு ரோட்டுக்குக் கிட்டே வந்துவிட்டது. கட்டி முடிக்கும்போதே தூறல் விழுந்தது. பிறகு நன்றாகவே பெய்து ஓய்ந்தது. மழை விட்டதும் மனைவி உள்ளே போனாள். நான் வழக்கம் போல வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். முதுகைக் காட்டி நின்றதால் மறைப்பில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

ரோட்டில் வேறு ஊர் நடைக்கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அதில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் ரோட்டை விட்டு இறங்கி எங்கள் பக்கம் வந்தார்கள். ஒருவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் கட்டுகிற கட்டு அது.

"பந்தி ஆரம்பிச்சிருச்சாண்ணே?" என்று கேட்டார்.

"எந்தப் பந்தி?"

"மொய் விருந்துன்னு போட்டிருக்கே!"

திரும்பிப் பார்த்தேன். மழை சுண்ணாம்பை ஒரு பொட்டு விடாமல் கழுவி எடுத்திருந்தது. மச்சான் கூலிங் கிளாஸோடு கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மொய் விருந்து. அனைவரும் வருக. சிவப்பு அம்புக்குறி நேராகக் கதவுத் துணியைக் காட்டியது. கதவுத் துணிக்குள்ளே என் மனைவி.

"விருந்து இல்லிங்க! போயிருங்க!" என்று ரெண்டு கையையும் விரித்து நின்றேன்.

"ஏன் சார், முடிஞ்சிருச்சா?"

"மொய் எழுதுற டேபிள் எங்கிட்டு இருக்கு?"

"அடுத்த பந்திக்கு நிக்கிறோம், அதுனால என்ன" என்று ஒருவர் பெருந்தன்மையாக வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. உள்ளூர்க்காரர்கள் ரெண்டு பேர் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார்கள். நான் முன்னால் வருகிறவரைத் தடுத்தால் பக்கத்தில் ஒருவர் நுழையப் பார்க்கிறார். அந்த நேரத்தில் ஒரு காற்று அடித்து, மேல் கிளிப் தெறித்து எங்கேயோ விழுந்தது. கீழ் கிளிப் ஒன்றுதான் மிச்சம். நான் கதவுத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டேன். தாழ்ப்பாளாக இருப்பேன் என்று சொன்னவன், உண்மையிலேயே தாழ்ப்பாளாகிவிட்டேன். அவள் இப்போது அவசரப்பட்டு எழுந்தால் மூட்டு மடங்கும். விழுந்தால் இத்தனை பேர் முன்னால். பிறகு வேன்தான், முன்சீட்டுத் தலையணைதான்.

"மெதுவா, மெதுவா. அவசரமே இல்லை" என்றேன் துணியைப் பார்த்து.

"யாருகிட்ட சார் பேசுறீங்க? சமையக்காரரா உள்ளாற?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற குரல் அவளுக்கு. தோப்பு முழுவதும் கேட்டது.

"இது பொம்பளைக ஒதுங்குற எடம்! இங்க கறிச்சோறு கெடையாது! ஆம்பளைக எல்லாம் திரும்பி ரோட்டைப் பாத்து நடங்க!"

வேட்டி கட்டியவர் அவசரமாக மறுபடி கட்டினார். மொபெட்காரர்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நிமிஷத்தில் வரிசையில் ஒரு ஆண் இல்லை.

ஆனால் வரிசை அப்படியேதான் இருந்தது. பெண்கள் போகவில்லை.

மனைவி கைப்பிடியைப் பிடித்து நிதானமாக எழுந்து, சேலையைச் சரிசெய்து, கதவுத் துணியை விலக்கி வெளியே வந்தாள். ஒரு ராணி தர்பாரிலிருந்து வருவது போல இருந்தது என்று சொல்ல ஆசை. உண்மையில் அவள் என்னை முறைத்துக்கொண்டுதான் வந்தாள். வரிசையின் முன்னால் நின்ற வேறு ஊர் அம்மா, குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "நாங்களும் போய்க்கலாமாக்கா? காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நடக்குறேன்."

"போங்க. கைப்பிடி இருக்கு, பிடிச்சு எந்திரிங்க. சாம்பல் டப்பா பக்கத்துலயே இருக்கு."

அடுத்து நின்றவர் யார் என்று பார்த்தேன். எப்போது வந்து வரிசையில் சேர்ந்தாரோ, எங்கள் உபதேசியாரின் மனைவி. அவர் என்னைப் பார்க்கவில்லை; தூரத்தில் நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "இங்க வாங்க. சும்மாதானே நிக்கிறீங்க? இத்தனை பேருக்குச் சாம்பல் பத்தாது. அடுப்புல இருந்து அள்ளிக்கிட்டு வாங்க" என்றார். உபதேசியார் ஒரு நொடி நின்றார். பிறகு போய் ஒரு டப்பாவில் சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தார். டப்பாவை என் கையில் கொடுக்கும்போது, "சூடா இருக்கு சார், பாத்து" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு அதுவே போதும். நான் ஒன்றும் அவரைத் தோற்கடிக்கக் கம்பு வெட்டவில்லை.

மச்சான் அதற்குப் பிறகுதான் வந்தார். தன் படத்துக்கு எதிரில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். படத்தில் அவர் சிரித்தார், நேரில் சிரிக்கவில்லை.

"மாப்ள. இது நான்தானே?"

"நீங்கதான் மச்சான். எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்புடுறீங்க."

அவர் பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புறப்படும்போது என் தள்ளுவண்டியைக் காணோம். தேடினால் அது வேனுக்குள் அண்டாவுக்குப் பக்கத்தில், கம்புக் கட்டு, குழாய்க் கட்டு, பிளெக்ஸ் சுருட்டு எல்லாவற்றோடும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். அவர் ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார். நடுவில் பதில் சொல்லக்கூடாது அல்லவா.

அவள் போன வருஷம் விழுந்த இடத்தைத் தாண்டினாள். தாண்டும்போது தண்ணீர் குடித்தாள். வேனை ஓட்டிக்கொண்டே மச்சான் முன்சீட்டிலிருந்த தலையணையை எடுத்துப் பின்னால் எறிவதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தங்கலிலும் அவர்தான் குழி தோண்டினார். தன் முகத்தைக் காப்பாற்றப் பெரிய துண்டு ஒன்றைப் பிளெக்ஸின் மேல் ஊக்குக் குத்திப் போட்டார். அதற்கு மட்டும் அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து இதையா எழுதுவது என்று கேட்பார்கள். இதைத்தான் எழுதுவேன். கம்பு, கயிறு, குழாய், ஒரு பழைய பிளெக்ஸ். யார் வேண்டுமானாலும் கொல்லையில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யலாம். கயிற்றை மட்டும் மறக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் முதலில் ஒரு நாள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

வேளாங்கண்ணியில் கடற்கரை மணல் வரை அவள் தன் காலிலேயே நடந்தாள். கோயிலுக்குள் போய் ரொம்ப நேரம் நின்றாள். மெழுகுவர்த்தி ஏற்றி, உதடு அசைய என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெண்டு கொப்புளக் கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பாராட்டு விழா மேடையில் உட்கார்ந்திருப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன், "என்னைப் பத்தி மாதாகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"தாழ்ப்பாள் இல்லைன்னு சொன்னேன்."